இரண்டு புள்ளிக்காரர்

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் எட்டுப் பேர். திருவேங்கடம், அவர் மனைவி எல்லம்மாள், மகள் சுஜாதா, தம்பி மகன் தமிழ்வாணன், கல்பாக்கத்திலிருந்து வந்த ஆதித்யா, ஊரப்பாக்கம் ராகவன், ராகவன் அழைத்து வந்த ரோகிணி, பக்கத்து ஜெராக்ஸ் கடை சதாசிவம். ஒன்பதாவது ஆள் கிடையாது. "நானும் இருந்தேன், என் கண்ணால் பார்த்தேன்" என்று செங்கல்பட்டில் இன்றைக்கு நாற்பது பேராவது சொல்கிறார்கள். அந்தக் கடையில் நாற்பது பேர் நிற்க இடமில்லை. பத்துக் கம்ப்யூட்டரும் பத்து நாற்காலியும் போட்ட பிறகு, நிம்மதியாகத் தும்முவதற்குக்கூடத் தெருவுக்குத்தான் போக வேண்டும்.

வருடம் 2007. ரயில் நிலையத்துக்குப் போகும் தெருவில், திருவேங்கடத்தின் வீட்டுக்குக் கீழே இருந்தது கடை. லாரி புக்கிங் ஆபீஸில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற அவருக்குக் கம்ப்யூட்டரில் எந்த ஈடுபாடும் இல்லை. பி.எஸ்சி. கணிதம் படித்த மகள் ஆசைப்பட்டாள், சரி என்றார். பெயர்ப் பலகையில் என்ன எழுதுவது என்பதை மட்டும் அவரே முடிவு செய்தார். 'கருங்குழி முறைக்காரர் நெட் சென்டர்.'

முறைக்காரர் என்பது ஊர் கொடுத்த பெயர். கருங்குழியில் அவர்கள் பக்கத்து ஏரித் தண்ணீரை மூன்று தலைமுறையாக முறை வைத்துத் திறந்துவிட்ட குடும்பம் அது. மதகுக்கு அருகில் இருக்கும் தலைமடை வயலுக்குத் தண்ணீர் தானாக ஓடும். வாய்க்காலின் கோடியில் இருக்கும் கடைமடைக்கு ஈரம்கூட எட்டாது. அதனால் அந்த வீட்டார் ஒரு தலைமடைக்காரனையும் ஒரு கடைமடைக்காரனையும் ஒரே முறையில் ஜோடி சேர்த்துவிடுவார்கள். இவன் வயல் நனைய வேண்டுமானால் அவன் வயலும் நனைந்தாக வேண்டும். அந்த ஏரியில் மண்வெட்டி மண்ணைத்தான் வெட்டியது, மண்டையை வெட்டியதில்லை.

கடையில் பையன்கள் ஆடியது துப்பாக்கி ஆட்டம். ஐந்து பேருக்கு ஐந்து பேர், ஆளுக்கொரு கம்ப்யூட்டர். திரையில் ஒரு பாழடைந்த தெரு. ஒரு கட்சி இன்னொரு கட்சியைத் தேடிச் சுட வேண்டும். செத்தவன் அடுத்த சுற்று வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் கட்சியைப் பையன்களே பிரித்துக்கொண்டார்கள். கைதேர்ந்தவர்கள் எல்லாம் ஒரு பக்கம் போய் உட்கார்ந்தார்கள். மற்றப் பக்கம் பதினைந்துக்குப் பூஜ்யம் என்று தோற்றது. மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் தோற்றவர்களில் ஒருவன் மவுஸைத் தூக்கி மேஜையில் அடித்துவிட்டு, "முறைக்காரர் வூட்டுக் கடையிலயே முறை கெட்டுப் போச்சுடா" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினான்.

அந்தச் சொல் மாடிக்குக் கேட்டது. திருவேங்கடம் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

அடுத்த வாரமே சுஜாதா ஒரு நோட்டுப் போட்டாள். ஒவ்வொருவனும் கடைசிப் பத்து ஆட்டத்தில் எத்தனை பேரைச் சுட்டான், எத்தனை முறை செத்தான் என்று பார்த்து நூற்றுக்கு இவ்வளவு என்று புள்ளி கொடுத்தாள். பிறகு தாத்தா வழியிலேயே தலைமடையையும் கடைமடையையும் ஜோடி சேர்த்துக் கட்சி பிரித்தாள். நோட்டு அவள் மேஜைக்குள் இருக்கும். வாசல் பலகையில் ஜோடிப் பெயர்கள் மட்டும். ஓடிப்போனவர்கள் திரும்பி வந்தார்கள். பதினைந்துக்குப் பூஜ்யம் போய், பதினைந்துக்குப் பதின்மூன்று என்று ஆட்டம் இழுபறியானது.

இதெல்லாம் நல்லதுதான். ஒரு நாள் பத்தாவது ஆள் வரவில்லை. "நம்ம கட ஆட்டம் நம்மால நிக்கக் கூடாது" என்று சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திருவேங்கடம் முதல் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து தினமும் மாலை நாலரை மணிக்கு வந்துவிடுவார்.

அவர் ஆடியது முறைக்காரர் ஆட்டம். தெருவின் நட்ட நடுவில் நிமிர்ந்து நடப்பார். சுவரோரம் பதுங்க மாட்டார். ஓட மாட்டார்.

"குந்து பெரிப்பா! குந்திக்கினு போ!" என்று தமிழ்வாணன் தலையில் அடித்துக்கொள்வான்.

"குந்திக்கினு போறதுக்கு நான் இன்னா கோழி புடிக்கவா போறேன்?"

மூலை திரும்புமுன் "டேய், வரேன்டா!" என்று குரல் கொடுப்பார். சொல்லாமல் அடுத்தவன் இடத்தில் நுழையும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை. எதிர்க்கட்சிக்காரன் இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பான். அவனுக்கு அது நன்றாகவே கேட்கும். செத்து விழுந்தவன் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளலாம் என்பது ஆட்டத்தின் விதி. "செத்தவன் சாமானத் தொட மாட்டேன்" என்று அவர் ஆரம்பத்தில் கொடுத்த கைத்துப்பாக்கியோடே நிற்பார். அரை நிமிடத்தில் சுடப்பட்டதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மோர் குடிக்கப் போய்விடுவார். தாம் செத்த பிறகு நடப்பதை வேடிக்கை பார்ப்பது அவருக்குச் சரியாகப் படவில்லை.

திரும்பி வரும்போது அவர் கட்சி பெரும்பாலும் ஜெயித்திருக்கும். பலகையின் முதல் வரியில் தினமும் 'ஆதித்யா – திருவேங்கடம்' என்றிருக்கும். ஆதித்யா கல்பாக்கம் அணுசக்திக் குடியிருப்புப் பையன், மாமல்லபுரம் சாலையில் இன்ஜினியரிங் படிப்பவன். சாதுவான முகம். "மாமா, நீங்க முன்னாடி போங்கோ" என்று ஒவ்வொரு சுற்றிலும் மரியாதையாகச் சொல்லுவான். பாவம், கடைமடை, நம்மோடு சேர்த்து இவனையும் நனைத்துவிடலாம் என்று சுஜாதா நினைத்திருக்கிறாள் என்பது திருவேங்கடத்தின் எண்ணம். இந்த எண்ணத்தில் அவர் ஆறு மாதம் நிம்மதியாக இருந்தார்.

பிராட்பேண்ட் வந்தது. ஊரப்பாக்கம் சென்டருக்கும் செங்கல்பட்டுச் சென்டருக்கும் லைனிலேயே ஒரு பந்தயம் என்று பேச்சாயிற்று. அங்கே கடை வைத்திருந்த ராகவன் ஒரு நிபந்தனை போட்டார். ஒரு கட்சியின் ஐந்து பேர் புள்ளியும் சேர்ந்து இருநூற்றைம்பதைத் தாண்டக் கூடாது. சுஜாதா சம்மதித்துப் பட்டியல் அனுப்பினாள்.

புதன்கிழமை பகலில் கடைப் போன் அடித்தது. சுஜாதா மேலே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். திருவேங்கடம் எடுத்தார்.

"சார், ஊரப்பாக்கம் ராகவன் பேசறேன். லிஸ்ட் பாத்தேன். உங்க ஊர்க்காரங்க தைரியசாலிங்கதான்."

"இன்னா விசயம்?"

"ஆதித்யா தொண்ணூத்தாறு. சரி, தெரிஞ்ச ஆளு. அறுபது, அம்பத்திரண்டு, நாப்பது, ஓகே. கடைசியா ஒரு பேரு, ரெண்டு புள்ளினு போட்டிருக்கே. ரெண்டு! கண்ணைக் கட்டிக்கிட்டு ஆடினாலும் எட்டு வரும் சார். போன வருஷம் ஒரு சென்டர்லேர்ந்து பத்துப் புள்ளினு ஒருத்தனைக் கூட்டிட்டு வந்தாங்க. எங்க அஞ்சு பேரையும் அவன் ஒருத்தனே சுட்டுத் தள்ளிட்டான். புதுப் பேர்ல வந்த பழைய புலி. அதே வேலைதானே இது? ஆதித்யாவை உள்ள நுழைக்கறதுக்காக ஒரு பொய்ப் பேரு. யார் சார் அந்தத் திருவேங்கடம்?"

"நான்தான்" என்றார் திருவேங்கடம்.

ஊரப்பாக்கத்தில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"சனிக்கெழம வா" என்றார் இவர். "வந்து பக்கத்துல நில்லு. ஆடிக் காட்றேன். மூணு தலமொறயா மொற வெச்ச வூடு இது. ஒரு மடத் தண்ணி மாத்தி வுட்டதில்ல. பொய்ப் பேராம்ல, பொய்ப் பேரு!"

போனை வைத்தபோது, மகள் அவசரத்தில் ஏதோ எண்ணை மாற்றி எழுதிவிட்டாள் என்றுதான் நினைத்தார். மேஜையைத் திறந்து நோட்டை எடுத்தார். புள்ளி வரிசையில் பெயர்கள். முதல் பெயர் ஆதித்யா. இரண்டாவதில் தம்மைத் தேடினார். அந்தப் பக்கத்தில் இல்லை. அடுத்த பக்கத்திலும் இல்லை. முப்பத்தாறாவது பெயர் சதாசிவம்; ஜெராக்ஸ் கடைக்கு ஒயர் கேட்க வந்தவர், ஒரே ஒரு தடவை உட்கார்ந்து ஆடியவர்; ஒன்பது புள்ளி. அதற்குக் கீழே முப்பத்தேழாவதாகத் திருவேங்கடம். அதற்குக் கீழே வெறும் தாள்.

சுஜாதா கை கழுவிவிட்டு இறங்கி வந்தாள். நோட்டைப் பார்த்தாள். அப்பா முகத்தைப் பார்த்தாள்.

"கடமட யாரும்மா?" என்றார் அவர்.

"நைனா..."

"யாருன்னு கேட்டேன்."

"நீதான் நைனா. அந்தப் பையன் தொண்ணூத்தாறு. உன்ன அந்தத் தட்டுல வெச்சாத்தான் தராசு நிக்குது."

மாலையில் ஆதித்யா வந்ததும் அவனையும் கேட்டார். "நான் முன்னாடி போனா உனுக்கு இன்னாடா லாபம்?"

ஆதித்யா தயங்கினான். பொய் சொல்லத் தெரியாத பையன். "எதிராளி எங்க ஒளிஞ்சிண்டிருக்கான்னு தெரியும் மாமா."

"என்னச் சுட்ட பெறவு."

"ஆமா மாமா."

அன்று அவர் மோர் குடிக்கவில்லை.

விஷயம் முழுவதும் வீட்டுக்குத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை காலை நாஸ்தாவின்போது தமிழ்வாணன் ஒரு யோசனை சொன்னான். "இதுக்கா பேஜாராவுற பெரிப்பா? நாளைக்கு கண்ண மூடிக்கினு சுடு. ஒண்ணும் படாது. அந்தாளு நம்பிட்டுப் போயினே இருப்பான்."

"கண்ண மூடிக்கினு தோத்தா அது தோல்வியாடா? அதும் பொய்தான். மொறக்காரர் வூட்ல பொய்யா ஜெயிக்கவும் மாட்டோம், பொய்யா தோக்கவும் மாட்டோம்."

"அப்ப நல்லா ஆடு" என்றாள் எல்லம்மாள், தட்டில் இன்னொரு தோசையைப் போட்டபடி. "நாலு பேர சுட்டுப்புடு. உன் மானம் நிக்கும். நோட்டு பொய்யாப் பூடும். நம்ம வூடு ஏமாத்துக்கார வூடுன்னு ஊரப்பாக்கம் வரிக்கும் நாறும். மோசமா ஆடு. நோட்டு நிக்கும். நீ நாறுவ. எது வோணும்னு சொல்லிட்டு சாப்புடு, தோச ஆறுது."

அவர் தோசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுப் பெயரையும் தம் பெயரையும் அவர் அதுவரை ஒன்று என்றே நினைத்திருந்தார். இப்போது ஒன்று மேலே போனால் இன்னொன்று கீழே போகிறது.

"குறி பாத்துச் சுடுவேன்" என்றார் கடைசியில். "என்னால முடிஞ்ச மட்டும் ஆடுவேன். அது எந்தப் பக்கம் சாயுதோ சாயட்டும்."

"சாயறது எந்தப் பக்கம்னு எனுக்குத் தெரியும்" என்றாள் எல்லம்மாள். "சட்னி வோணுமா?"

சனிக்கிழமை பத்து மணி எலக்ட்ரிக் ரயிலில் ராகவன் வந்தார். கூட ரோகிணி, ஊரப்பாக்கத்தின் எண்பத்தொன்பது புள்ளிக்காரி. சுஜாதா பையன்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். கதவு சாத்துவதற்குள் சதாசிவம் எப்படியோ உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நடுவுல யாராவது சாட்சி வோணும்ல" என்றார் அவர்.

"உன்ன யாரு கூப்ட்டா?" என்றாள் எல்லம்மாள் மாடிப்படியிலிருந்து.

"முப்பத்தாறாவது ஆளுன்ற ஒரு உரிம இல்லியாக்கா?"

ராகவன் நிபந்தனையைச் சொன்னார். பத்துச் சுற்று. ரோகிணியும் திருவேங்கடமும் மட்டும். கைத்துப்பாக்கி கூடாது, முப்பது குண்டு போகும் பெரிய துப்பாக்கி இருவருக்கும். ராகவன் திருவேங்கடத்தின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, கையையே பார்ப்பார். "பழகின கை பொய் சொல்லாது சார். எவ்வளவு நடிச்சாலும் ஒரு இடத்துல தானா வேலையைக் காட்டிடும்."

திருவேங்கடம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். முதுகை நிமிர்த்தினார்.

முதல் சுற்றில், பழக்கதோஷம், "வரேம்மா!" என்று குரல் கொடுத்துவிட்டு மூலை திரும்பினார். செத்தார். இரண்டாவதில் வாயை மூடிக்கொண்டு திரும்பினார். செத்தார். மூன்றாவதில் தமிழ்வாணன் சொன்னது நினைவு வந்து, வாழ்க்கையில் முதல் முறையாகச் சுவரோரம் ஒதுங்கினார். சுவரைப் பார்த்தபடி ஒதுங்கியதால் யார் சுட்டது என்பதே தெரியவில்லை. நாலிலிருந்து ஒன்பது வரை விவரிக்க ஒன்றும் இல்லை.

"நடிப்பு மாதிரி தெரியலையே சார்" என்று ரோகிணி ராகவனிடம் மெதுவாகச் சொன்னாள்.

"இரு" என்ற ராகவன் குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னார்.

பத்தாவது சுற்று. திருவேங்கடம் தெருவின் நடுவில் நடந்தார். மூலை திரும்பினார். அங்கே ரோகிணியின் ஆள் நின்றிருந்தது. பத்தடி தூரம். முதுகு இந்தப் பக்கம். அசையவில்லை. ராகவன் வைத்த பொறி அதுதான்: ஒளித்து வைத்த புலியாக இருந்தால் இந்த இடத்தில் கை தானாகத் தலைக்குப் போய்விடும்.

பொறி என்பது திருவேங்கடத்துக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஆறு மாதத்தில் முதல் முறையாக ஓர் எதிரி, தன்னைச் சுடாமல் எதிரில் நிற்கிறான். இப்போது சுட்டால் படும். பட்டால் முப்பத்தேழாவது இடம் போய்விடும். சதாசிவம் பார்த்துக்கொண்டிருக்கிறார். எல்லம்மாள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பட்டால் நோட்டும் பொய்யாகும். மகள் கையால் எழுதிய நோட்டு.

சுஜாதா கண்ணை மூடிக்கொண்டாள்.

குறி பார்த்துச் சுடுவேன் என்று சொல்லியாயிற்று. திருவேங்கடம் குறி பார்த்தார். நடுமுதுகில் வைத்தார். பொத்தானை அழுத்தினார், விடவில்லை.

அந்தத் துப்பாக்கிக்கு ஒரு குணம். அழுத்திப் பிடித்தால் ஒவ்வொரு குண்டுக்கும் மூக்கு மேலே தூக்கும். முதல் குண்டு தோளுக்கு மேலே போனது. அடுத்தது தலைக்கு மேலே சுவரில். அதற்கடுத்தது ஜன்னலில். பிறகு மாடியில், கூரையில், கொடிக்கம்பத்தில், கடைசிப் பத்தும் நேராக வானத்தில். முப்பது குண்டும் தீர்ந்தன. ரோகிணியின் ஆள் அப்படியே நின்றது.

ரோகிணி பொறுக்க முடியாமல் சிரித்துவிட்டாள். "அங்கிள், ரீலோட் பண்ணுங்க! நான் நிக்கறேன்!"

"எந்த பட்டனு?" என்றார் திருவேங்கடம்.

யாரும் சொல்வதற்குள் அவரே ஒன்றை அழுத்தினார். அது வெடிகுண்டு. எறிய வேண்டியதைக் காலடியில் போட்டார்.

"ஓடுங்க மாமா!" என்று கத்தினான் ஆதித்யா.

அவர் ஓடவில்லை. நிமிர்ந்து, அகலமாக இரண்டு அடி எடுத்து வைத்தார். திரை சிவப்பாயிற்று.

தன் குண்டில் தானே செத்தால் ஒரு புள்ளி குறையும். பத்துச் சுற்றுக்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்த ராகவன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். சிரித்ததில் வந்த தண்ணீர்தான்.

"சார், மன்னிச்சுக்கோங்க. பொய்ப் பேருனு சொன்னது தப்பு. இந்தக் கை எங்கயும் பழகின கை இல்ல. நோட்டு சத்தியம். லிஸ்ட்டை ஒத்துக்கறேன்."

"ஒத்துக்காதே" என்றார் திருவேங்கடம்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"ரெண்டு புள்ளி எங்க கீது? நீயே பாத்தியே. இல்லாத ரெண்டு எழுதியிருக்குது. அதும் தப்புதான். சுஜா, நோட்ட எட்தா."

சுஜாதா எடுத்து வந்தாள். அவர் தம் பெயருக்கு நேரே இருந்த இரண்டை அடித்துவிட்டு, லாரி ஆபீஸில் முப்பது வருடம் எழுதிய அழகான கையெழுத்தில் ஒரு பூஜ்யம் போட்டார். பக்கத்தில் சிறு கையெழுத்தும் போட்டார்.

"இப்ப சரியா? கணக்குல ரெண்டு மிச்சம் வருதில்ல, அத நாங்க எடுத்துக்கலாமா?"

"தாராளமா" என்றார் ராகவன். ஒரு நொடி கழித்துத்தான் அவருக்குப் புரிந்தது. அதற்குள் சுஜாதா நாற்பது புள்ளி ஆளை எடுத்துவிட்டு நாற்பத்திரண்டு புள்ளி ஆளைச் சேர்த்து எழுதி முடித்திருந்தாள். அந்த நாற்பது புள்ளி ஆள் தமிழ்வாணன்.

"பெரிப்பா!"

"மொறன்னா மொறதான்டா."

படியில் உட்கார்ந்திருந்த எல்லம்மாள் எழுந்தாள். "வந்தவங்க சாப்ட்டுப் போங்க. சதாசிவம், உனுக்கு வூட்ல சோறு கீதில்ல?" என்றாள். அவள் போட்ட இலைகளில் ஒன்று சதாசிவத்துக்கும் இருந்தது. அவருக்கு முதலில் பரிமாறியவர் திருவேங்கடம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பந்தயம் நடந்தது. பதின்மூன்றுக்குப் பதினைந்து என்று செங்கல்பட்டு தோற்றது. இரண்டே சுற்று வித்தியாசம். ஒவ்வொரு சுற்றிலும் திருவேங்கடம்தான் முன்னால் போனார். எதற்காகப் போகிறோம் என்பது தெரிந்தே போனார். இந்த முறை செத்த பிறகும் எழுந்து போகவில்லை. ஆதித்யாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று கடைசி வரை பார்த்தார். அந்தப் பையன் ஆடும் ஆட்டத்தை அன்றைக்குத்தான் பார்க்கிறார். "அடேங்கப்பா" என்று ஒரே ஒரு தடவை சொன்னதாக ஆதித்யா சொல்கிறான். திங்கட்கிழமையிலிருந்து கடையில் உட்கார இடம் கிடைக்கவில்லை. மதுராந்தகத்திலிருந்தெல்லாம் பையன்கள் வந்தார்கள். இங்கே ஆள் சேர்த்தால் நியாயமாகச் சேர்ப்பார்கள் என்று பேச்சு.

இன்னொரு பேச்சும் கூடவே வந்தது. அதைக் கிளப்பியது ஜெராக்ஸ் கடை. பத்தாவது சுற்றில் திருவேங்கடம் வேண்டுமென்றேதான் தவறவிட்டார். குடும்ப மானத்துக்காகத் தம் மானத்தை விட்டுக்கொடுத்தார். முதுகைக் காட்டி நின்ற பெண் பிள்ளையைச் சுட மனம் வராமல் வானத்தைப் பார்த்துச் சுட்டார் என்று கருங்குழி வரைக்கும் சொல்கிறார்கள். கல்யாண வீடுகளில் அதைச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிடுகிறவர்களும் உண்டு.

அப்படி ஒன்றும் நடக்கவில்லை. குறி பார்த்துத்தான் சுட்டார். முப்பதும் படவில்லை.